லைன் கட்டான பிறகு ஜெயித்த ஆட்டம்

எப்போதும் தோற்கிற அணிக்கு ரசிகனாக இருப்பவனைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். அவனுக்குப் பழகியிருக்கும். இந்தத் தடவை ஜெயித்துவிடும் என்று நம்பத் தொடங்கிவிட்டானே, அவனிடம்தான் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். நான் செய்தேன்.

எங்கள் ஊர்க் கபடி அணிக்கு வெண்புறா கபடிக் குழு என்று பெயர். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எல்லாம் புலி, சிங்கம், காளை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் சமாதானப் பறவையைப் பனியனில் அச்சடித்தோம். ஆட்டமும் அதற்கேற்றாற்போலத்தான். எதிரணி ஆள் பாடி வந்தால், அவன் சிரமப்படாமல் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி வரிசையாக நிற்போம். நம் ஆள் பாடிப் போனால் அங்கேயே தங்கிவிடுவான். (சம்பந்தம் பேசப் போனவர்கள்கூட அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள்.) மாட்டுப் பொங்கல் போட்டியில் பக்கத்து ஊர் 'சீறும் காளைகள்' கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதும், நாங்கள் வேட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு "அடுத்த வருசம் பாருங்கடா" என்பதும் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த 'அடுத்த வருசத்தை' நான் பெட்டியில் வைத்துத் துபாய்க்கும் கொண்டுவந்தேன்.

அல் கூஸ் பகுதியில் லேபர் கேம்ப். கட்டட சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. அதுவும் கம்பெனிக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது. வெண்புறா ஆடுவது தை மாதத்தில். எனக்கு லீவு வாய்ப்பது வைகாசியில். நான் போகும்போது கபடி மைதானத்தில் மாடு கட்டியிருப்பார்கள். நான் இங்கே வந்த பிறகு என் மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாமே எனக்குப் போனில்தான் நடந்தது. ஒரே ஒரு பொங்கலுக்கு அங்கே இருந்துவிட வேண்டும்; மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வெண்புறா ஜெயிப்பதைப் பார்த்துவிட வேண்டும். இந்த இரண்டில் எது கஷ்டமான ஆசை என்று தெரியாத வயசு.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் தங்கராசு. பக்கத்து ஊர்க்காரன், காளைகளின் வெறியன். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டோம். இங்கே ஒரே குக்கரில் சோறு.

ஒரு வருடம், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், நாங்கள் இருவரும் அடுத்த வருடப் பொங்கலுக்கு லீவு கேட்டோம். எங்கள் ஃபோர்மேன் ஒரு சர்தார்ஜி. தாடியைத் தடவிக்கொண்டே, ஒருத்தன்தான் போகலாம், இன்னொருத்தன் வேலை பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்: "ஏக் ஆத்மி ஜாயேகா. ஏக் ஆத்மி காம் கரேகா. யார்னு நீங்களே பேசிக்கோங்க. யல்லா, வேலையைப் பாரு."

தங்கராசு நியாயமான ஆள். "சீட்டுக் குலுக்கிப் போட்டுருவோம் பங்காளி" என்றான்.

நான் கேட்டேனா? "சீட்டெல்லாம் எதுக்குடா? வர்ற வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல். ஃபைனல்ல நம்ம ரெண்டு ஊருந்தான் மோதுது. எந்த ஊரு ஜெயிக்குதோ அந்த ஊர்க்காரன் போவட்டும்."

ஆமாம், வெண்புறா ஃபைனலுக்கு வந்திருந்தது. (அரையிறுதியில் எங்களோடு மோத வேண்டிய அணியின் வேன் வழியில் படுத்துவிட்டது. அதற்கு முந்தைய சுற்றில் எதிரணியின் நல்ல ஆட்டக்காரன் மாமியார் வீட்டு விருந்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான்.)

தங்கராசு என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வேணாம்டா. நல்லா யோசிச்சுக்க. எனக்கே பாவமா இருக்கு."

"வெண்புறாவப் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்?"

"தெரிஞ்சதாலதான்டா சொல்றேன்."

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டேன். "மல்லிகா, அடுத்த பொங்கலுக்கு நான் அங்க இருப்பேன்."

"லீவு குடுத்துட்டாங்களா?" குரலில் ஒரு துள்ளல்.

"குடுத்த மாதிரிதான்."

"மாதிரின்னா?"

சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, பந்தயம் கட்டறதுக்கு வேற டீமே கெடைக்கலயா?"

ஆட்டத்தை நேரலையாகக் கேட்பதற்கு நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். ஊரில் மைக் செட் வைத்திருப்பவர் மல்லிகாவின் அண்ணன். அப்போது ஊரில் செல்போன் வைத்திருந்த ஒரு சிலரில் அவரும் ஒருவர். நான் போன் போட்டதும் அவர் அதை எடுத்து, ஒலிபெருக்கிக் குழாயின் வாயில் வைத்துத் துண்டால் கட்டிவிடுவார். வர்ணனையாளர் பேசுவது நேராக என் காதுக்கு வரும். நான் அதைக் கேட்டுக் கேம்ப்புக்குச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி முடிந்ததும், துணி காயும் கயிறுகளுக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. தமிழர்கள் மட்டுமா? கபடி என்ற சொல் காதில் விழுந்ததும் பஞ்சாபிகளும் வங்காளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். சர்தார்ஜி தனக்கென்று ஒரு நாற்காலியோடு வந்தார். கேம்ப் வாசலில் பக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை சீனி காக்கா, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார். நான் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். போன் காதில். எதிரே தங்கராசு, கைகட்டிக்கொண்டு.

துண்டால் கட்டிய போனில் இருக்கிற சிக்கல் என்னவென்றால், நான் கத்தினால் அங்கே யாருக்கும் கேட்காது. அங்கே கத்துவது எனக்கு மூளைவரை கேட்கும்.

"வெண்புறா கேப்டன் சேகர் பாடிப் போறான்... தொட்டான்! திரும்பிட்டான்! ஒரு பாயிண்டு!" என்றேன். கூட்டம் ஹோவென்றது. (உண்மையில் சேகர் ஆளைத் தொடவில்லை, அந்தப் பக்கத்துக் கோட்டைத்தான் தாண்டிவிட்டு வந்தான். போனஸ் புள்ளி. ஆனால் கேட்கிறவனுக்கும் ஒரு சுவை வேண்டாமா?) இடையிடையே வர்ணனையாளர் ஆட்டத்தை விட்டுவிட்டு, "சைக்கிள் சாவி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது" என்பார். "மைக் அருகே நிற்கும் பெரியவர் தயவுசெய்து நகரவும்" என்பார். ஒவ்வொரு சைக்கிள் சாவிக்கும் என் பேலன்ஸ் கரைந்துகொண்டிருந்தது.

கடைசி இரண்டு நிமிடம். வெண்புறா ஒரு புள்ளி முன்னால் இருந்தது. நம்ப முடியாமல் நானே இரண்டு முறை சொன்னேன். தங்கராசு கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டான்.

அப்போதுதான் வர்ணனையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: "இந்த நல்ல நேரத்திலே, வெண்புறா அணிக்குப் பனியன் வழங்கிய வளைகுடா வாழ் வள்ளல், பாலைவனத்திலும் பிறந்த மண்ணை மறவாத பண்பாளர், அண்ணன் செல்வராசு அவர்களுக்கு..."

அது நான்தான். பனியன் நான்தான் அனுப்பினேன். பேரை மைக்கில் இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்று மச்சானிடம் கட்டளை போட்டதும் நான்தான். முதல் தரம் சொல்லி முடித்தார். யோவ், ஆட்டத்தைச் சொல்லுய்யா என்று போனுக்குள் கத்தினேன். துண்டுக்குக் கேட்குமா? "மீண்டும் ஒருமுறை, வளைகுடா வாழ் வள்ளல், பாலைவனத்திலும் பிறந்த..."

அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது. பேலன்ஸ் காலி.

காதில் ஒன்றுமில்லை. எதிரே அத்தனை முகங்கள். "க்யா ஹுவா?" என்றார் சர்தார்ஜி. "சொல்லுடா, என்ன ஆச்சு?" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

லைன் கட்டாயிருச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஒரு புள்ளி முன்னிலை, இன்னும் இரண்டே நிமிடம், இதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். (வெண்புறாவை அறிந்த எவனும் நினைக்காத நினைப்பு.) என் வாய் தானாகத் திறந்தது.

"சேகர் கடைசிப் பாட்டுக்குப் போறான்... கபடி கபடி கபடி... ஒருத்தன் காலப் புடிச்சிட்டான்! ரெண்டு பேரு இடுப்பப் புடிச்சிட்டானுங்க! சேகர் விடல... இழுத்துட்டு வர்றான்... நாலு பேரையும் சேத்து இழுத்துட்டு வர்றான்..."

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் பார்த்தேன். நாலு பேரை முதுகில் சுமந்தபடி அவன் கோட்டை நோக்கி நகர்வதை, புழுதியை, நீட்டிய விரல் நுனி கோட்டைத் தொடுவதை. சின்ன வயதிலிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கினேனோ, அது அந்த ஊமைப் போனுக்குள் அப்படியே ஓடியது. இறுதி விசிலை இரண்டு விரலை வாயில் வைத்து நானே அடித்தேன்.

கேம்ப் எழுந்து நின்றது. இரண்டு வங்காளிகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சீனி காக்கா கடைக்கு ஓடி ஒரு லட்டுப் பெட்டியோடு திரும்பினார். "ஒங்க டீமு ஜெயிச்ச அன்னைக்குக் கடையில லட்டு இருக்கு பாருங்க தம்பி, அதுதான் பெரிய அதிசயம்" என்று என் வாயில் ஒன்றைத் திணித்தார். சர்தார்ஜி "அக்லா பொங்கல், செல்வா ஜாயேகா. கலாஸ்" என்று, அடுத்த பொங்கலுக்குப் போகிறவன் நான்தான் என அறிவித்தார்.

தங்கராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தோள்மேல் இருந்த எனக்கு எட்டிக் கைகொடுத்தான். "ஜெயிச்சிட்டீங்கடா. நல்லபடியாப் போயிட்டு வா. பாப்பாவுக்கு ஒரு கவுன் எடுத்துத் தர்றேன், கொண்டு போய்க் குடுத்துரு."

லட்டு தொண்டைக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். லட்டுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் தங்கராசுவின் போன் அடித்தது. அவன் தம்பி. "என்னடா?" என்றான். "ம்... ம்... அப்படியா... சரிடா" என்றான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, போனை என் காதில் வைத்தான். உள்ளே கொட்டுச் சத்தம். அதற்கு மேலே, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, அவன் தம்பியின் குரல்: "அண்ணே, நம்ம காளைங்கதாண்ணே! கடைசி ஒரு நிமிசத்துல அந்தச் சேகரப் பொத்துனு அமுக்கிட்டானுங்க!"

"நான் தங்கராசு இல்ல தம்பி" என்றேன், லட்டுவோடு.

என்னைத் தோளிலிருந்து யாரும் இறக்கிவிடவில்லை. தோளை எடுத்துக்கொண்டார்கள்.

விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரித்தவர் சர்தார்ஜி. பிறகு சிரிக்காதவன் நான் ஒருவன்தான். சீனி காக்கா மட்டும் பக்கத்தில் குந்தி, முதுகில் தட்டி, "போவட்டும் தம்பி. லட்டுக்கு மட்டும் எப்பவாச்சும் குடுங்க" என்றார்.

வீட்டுக்குச் சொன்னபோது மல்லிகா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள். பாப்பா, "அப்பா, பொங்கலுக்கு வர்றியா?" என்றது. வாளியில் உட்கார்ந்து அத்தனை நேரம் பேசிய வாய், அம்மாவிடம் போனைக் கொடு என்று மட்டும் சொன்னது.

மறுவருடம் தங்கராசு புறப்பட்டான். அவன் சாமான் வாங்க ரோலா கடைத்தெருவுக்குப் போனபோது மூட்டை தூக்க நானும் போனேன். பாப்பாவுக்குக் கவுன் எடுத்தேன். இப்போது அதைக் கொண்டு போகிறவன் அவன்.

மாட்டுப் பொங்கலன்று எனக்கு டூட்டி. மேல்தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"டேய், மைதானத்துல நிக்கிறேன்" என்றான் தங்கராசு. "ஒங்க புறா ஆடுது. நான் உள்ளத மட்டுந்தான் சொல்லுவேன், ஒன்ன மாதிரி இல்ல. இரு இரு, ஒன் வீட்டுல இங்கதான் நிக்கிறாங்க. தங்கச்சி, இந்தாங்க, பேசுங்க."

போன் கை மாறியது. மல்லிகா என்னிடம் பேசவில்லை. "மண்ணுல உருள்றதுக்கு ஒரு ஆட்டமா" என்று காலமெல்லாம் சொல்லிவந்தவள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "புடி! காலப் புடி! ஏய் சேகரு, விடாத! ஐயோ, விட்டுட்டானே பாவி!" அவள் பக்கத்தில் இன்னொரு சின்னக் குரல் மூச்சு விடாமல், "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் கம்பி முறுக்குகிற கொக்கியோடு நான் அப்படியே நின்றேன். அந்தச் சத்தத்துக்குள் போய் நின்றுவிட ஒரு வழி இருந்தால் சம்பளத்தை எல்லாம் கொடுத்திருப்பேன்.

நீண்ட விசில் கேட்டது. மல்லிகா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "தோத்துட்டாங்கங்க." பிறகு, எனக்கு ஆறுதலாகவோ அவளுக்கே ஆறுதலாகவோ தெரியவில்லை: "அடுத்த வருசம் பாருங்க."

கீழேயிருந்து சர்தார்ஜி கைகளைக் குவித்துக் கத்தினார்: "செல்வா! க்யா ஹுவா? ஜீத்தா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். லைன் இருந்தது.

"ஹார் கயா சர்தார்ஜி!" என்று கத்தினேன். அந்த சைட்டில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு தோல்வியை யாரும் அறிவித்ததில்லை.

துபாயை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து வருடங்களாகிவிட்டன. வீட்டில் நான் எந்த நல்ல செய்தியைச் சொன்னாலும் இன்றைக்கும் ஒரே கேள்விதான். பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைச்சிருச்சு என்று சொன்னபோது மல்லிகா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "லைன் இருந்துச்சா, கட்டாயிருச்சா?" மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிச்சுப் போச்சாம் என்றபோது மகளே கேட்டாள். விசேஷத்துக்கு வந்த தங்கராசு, பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, "வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துறாதடா" என்றான்.

போன பொங்கலுக்கு மைதானத்தில் நானும் மல்லிகாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். சேகரின் மகன் பாடிப் போனான். வெண்புறா ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, லைன் இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

அப்புறம் தோற்றோம்.