கதவு திறந்தே இருக்கட்டும்

மழைச்சாரல் முதல் வரிசைப் பாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் கதவைச் சாத்த ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், பாயை எல்லாம் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கலாம். கதவு திறந்தே இருக்கட்டும்" என்றாள் சுருட்டைமுடிக்காரி.

யோகா டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வந்த புதிதில் எதைச் சொன்னாலும் "எதுக்கு?" என்று எகிறிய பெண் இவள். இப்போது நனைந்தாலும் பரவாயில்லை, விதி விதிதான் என்கிறாள்!

விதிகள் எல்லாம் டீச்சர் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவை. வீட்டிலும் வெளியிலும் அடியும் பயமும் பட்டு, போக்கிடம் இல்லாமல் விடுதிக்கு வந்து சேர்ந்த பெண்கள் இவர்கள். எடுத்த எடுப்பில் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று இவர்களிடம் ஆரம்பித்துவிட முடியாது. கதவு திறந்திருக்க வேண்டும். விளக்கை அணைக்கக் கூடாது. யாருக்கும் பின்னால் போய் நிற்கக் கூடாது. கேட்காமல் தொடவே கூடாது. இஷ்டம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் சும்மா உட்காரலாம். முக்கியமாக, "நீங்க பயந்துபோன பிள்ளைங்க, அதனாலதான் இதெல்லாம்" என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது.

டீச்சர் கெட்டிக்காரி. விஷயத்தை அவர்கள் தலையில் கட்டாமல் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கதவு திறந்திருந்தாத்தாம்மா வசதி. யாராவது பின்னாடி நின்னா எனக்கு ஒண்ணும் ஓடாது. தொடறதுன்னா கேட்டுட்டுத் தொடுங்க, சரியா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சரி என்று தலையாட்டினார்கள். அதன்பிறகு ஒரு விதியையும் அவர்கள் மீறியதில்லை.

"தங்கமான பிள்ளைங்க. சொன்னதைச் சொன்னபடி கேக்குதுங்க" என்று டீச்சர் வீட்டில் போய் மாய்ந்து மாய்ந்து சொன்னாள்.

"அதெல்லாம் சரி, யோகா எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அதுதாங்க யோகாவே."

"கதவைத் திறந்து வைக்கிறதா? அப்படின்னா நம்ம காவல்காரர்தான் பெரிய யோகி."

"உங்களுக்கு எதுலதான் கேலி இல்ல! வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லணும், அதுக்கு ஒரு தைரியம் வரணும். அதைத்தான் சொல்லித் தர்றேன்."

வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "இந்தத் தட்டை நான் தொடலாங்களா?" என்று கேட்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மழை நாளில் பாயை இழுத்துப் போட்டதில்தான் வினையே வந்தது. இப்போது டீச்சரின் முதுகு சமையலறை வாசலைப் பார்த்தபடி இருந்தது. வகுப்பை வேடிக்கை பார்ப்பதில் சமையல்காரம்மாவுக்குத் தனிப் பிரியம். அண்டா மூடியைக் கையில் பிடித்தபடி அவள் வந்து நின்றாள்.

"பின்னாடி ஆள்! பின்னாடி ஆள்!" என்று கத்தினாள் வாயாடி. விடுதியில் அவளுக்கு அதுதான் பெயர்.

சமையல்காரம்மா வெலவெலத்துப் போனாள். மூடி கைநழுவித் தரையில் விழுந்து, உடனே அடங்காமல், ஒரு சுற்றுச் சுற்றி ஊரையே கூட்டிவிட்டுத்தான் படுத்தது. ஒற்றைக்காலில் நின்றிருந்த டீச்சர் "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடிப் போய்த் தூணைக் கட்டிக்கொண்டாள்.

பெண்கள் மறுபடி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வாயாடி கிட்டே வந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

"டீச்சர், மூச்சை மெதுவா உள்ள இழுங்க. அப்படித்தான். இப்ப மெதுவா விடுங்க. அவசரமே இல்ல. இஷ்டம்னா கண்ணை மூடிக்கலாம்."

டீச்சர் இழுத்தாள், விட்டாள். கண்ணில் நீர் துளித்தது. 'நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்லித் தருதுங்களே! எந்த டீச்சருக்குக் கிடைக்கும் இது?' என்று பூரித்துப் போனாள்.

மறுநாள் பெண்கள் கூட்டமாகச் சமையலறைக்குப் படையெடுத்தார்கள். வகுப்பு முடிகிற வரைக்கும் பாத்திரச் சத்தமே கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"சத்தம் போடாம எப்படிம்மா சமைக்கிறது? கரண்டிக்குத் துணி சுத்தட்டுமா?" என்று கேட்டாள் சமையல்காரம்மா.

"சுத்துங்களேன்" என்றாள் சுருட்டைமுடிக்காரி, சற்றும் சிரிக்காமல்.

சமையல்காரம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் வகுப்பு முடிகிற வரைக்கும் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடு தாமதமாயிற்று. சாப்பாடு தாமதமானதில் படிப்பு, தூக்கம் எல்லாமே தாமதமாயின. வார்டன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்றாள். முன்னால்தான். பின்னால் வர அவளுக்கும் பயம்.

"யோகா வந்தாலும் வந்துது, இங்க நேரத்துக்குச் சோறு இல்லாமப் போச்சு. நான் மேலிடத்துல சொல்லிட்டேன்" என்றாள்.

விடுதியை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்தக் கூடத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மேடம் வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பார், பிடிக்காவிட்டால் யோகாவுக்கு அத்தோடு முழுக்கு என்று செய்தி வந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது டீச்சர் வீட்டுக்காரரிடம் புலம்பினாள்.

"ஒரு பொண்ணு இருக்காங்க. அமுக்குணின்னு கூப்பிடறாங்க. விடுதிக்கு வந்ததுலேருந்து வாயே திறக்கல. டாக்டர்கிட்டயும் பேசல, வார்டன்கிட்டயும் பேசல. என் கிளாஸ்ல கதவுகிட்டப் போய்க் காலை நீட்டி உக்காந்துக்கறா. ஒரு ஆசனம் போட்டதில்ல. எப்ப வேணா எழுந்து ஓடறதுக்கு வசதியா உக்காந்திருக்கா, பாவம்."

வீட்டுக்காரர் இந்த முறை கேலி செய்யவில்லை.

"ஆனா தினமும் வந்துடறா. அவ வாயைத் திறக்கிற வரைக்கும் இந்த கிளாஸ் நடந்தாப் போதும் எனக்கு."

"அந்த மேடம் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லாரையும் வரிசையா ரெண்டு ஆசனம் போடச் சொல்லேன்."

"சொல்லக் கூடாதுங்க. கேக்கத்தான் கேக்கலாம்."

"அப்பக் கேளு."

கேட்டாள். "யோசிச்சுச் சொல்றோம் டீச்சர்" என்றார்கள் பெண்கள். பெருமைப்படுவதா வயிற்றெரிச்சல் படுவதா என்று டீச்சருக்குப் புரியவில்லை. இரண்டும் பட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை செயலாளர் மேடம் வந்தார். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று வார்டன் கதவைச் சாத்தினாள். கதவு பாதியில் நின்றது. குறுக்கே அமுக்குணியின் கால் நீண்டிருந்தது.

"காலை எடுடி."

கால் அசையவில்லை.

"கதவு திறந்தே இருக்கட்டும், வார்டன் மேடம்" என்று சுருட்டைமுடிக்காரி பாயிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

செயலாளர் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு டீச்சரைச் சுற்றிக்கொண்டு போனார்.

"மேடம், பின்னாடி போகாதீங்க! முன்னாடி வாங்க" என்று தடுத்தாள் வாயாடி. செயலாளர் முன்னால் வந்தார். "கேட்டுட்டு எடுங்க." செயலாளர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

சரி, டீச்சரிடமாவது நாலு வார்த்தை பேசலாம் என்று அவள் தோளில் தட்டப் போனார்.

"கேட்டுட்டு!" என்று கூடம் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது. வார்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? ஒரு பொண்ணும் ஒரு ஆசனம் போடல. வந்தவங்களை விரட்டத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

கூடம் கைவிட்டுப் போய்விட்டது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விசித்திரம், அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

"ஆமா மேடம். இந்தப் பொண்ணுங்களை இதுவரைக்கும் யாரும் எதுக்கும் கேட்டதில்ல. தொடலாமான்னு கேட்டதில்ல, வரலாமான்னு கேட்டதில்ல. இன்னிக்கு இவ்வளவு பெரிய மனுஷி உங்களையே பார்த்து வேண்டாம்னு சொல்றாங்க. இதுக்கு மேல ஒரு ஆசனம் எனக்குச் சொல்லித் தரத் தெரியாது."

கடைசி வார்த்தையில் குரல் நடுங்கிவிட்டது. பெண்கள் அதைக் கவனித்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்து, தொடாமல், எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாருமாக டீச்சரின் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். பின்னால் மட்டும் யாரும் நிற்கவில்லை.

செயலாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "முடிவை அப்புறம் சொல்றேன்" என்று புறப்பட்டார். வாசலில் இன்னும் அந்தக் கால் குறுக்கே நீண்டிருந்தது. அவர் தாண்டவில்லை. குனிந்து, "போகலாமாம்மா?" என்று கேட்டார்.

அமுக்குணி காலை மடக்கிக்கொண்டு எழுந்தாள். கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். டீச்சர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று செயலாளரின் காதருகே வந்தாள். அவள் உதடு அசைவதைக் கண்ட வார்டன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"கிளாஸை மட்டும் நிறுத்திடாதீங்க மேடம். டீச்சர் இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தேறிட்டு வர்றாங்க."