துரைக்குக் காது தொங்கும்

"காது இப்படி நட்டுக்கிட்டு நிக்காது தம்பி. எங்க துரைக்குத் தொங்கும்" என்றார் தங்கப்பாண்டி.

பீம்ராவ் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். காது நன்றாகத்தான் இருந்தது. காலையில் டோல்கேட் டீக்கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தெருநாய்க்கு மூன்று பொறை ரொட்டி வாங்கிப் போட்டு, அதைப் பார்த்து வரைந்த காது.

பீம்ராவ் போர்டு எழுதுபவன். உயிருள்ள எதையும் நேரில் பார்க்காமல் வரைய மாட்டான். கறிக்கோழிக் கடை போர்டில் ஒரு சேவல் வரைய இரண்டு நாள் கூண்டின் முன்னால் உட்கார்ந்தவன். சேவலின் கழுத்து வெயிலில் எப்படி நிறம் மாறுகிறது என்று அவன் ஆரம்பித்தால், மனைவி மகிழினி அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவாள். ஆனால் எதிர்ச்சாரியில் பிளக்ஸ் கடை வந்த பிறகு அவனுடைய சேவலை யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த ஒரே சேவல் எல்லாக் கடைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் மளிகைக் கடை தங்கப்பாண்டி அண்ணாச்சியின் வீட்டு நாய் துரை காணாமல் போனது. அண்ணாச்சியின் மனைவி சீனியம்மாள் அவனை மாடிக்கு வரவழைத்து, மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு போட்டோ இருந்துச்சுய்யா. பத்திரமா வைக்கேன்னு இவுக எங்கயோ தொலைச்சிட்டாக. நீ வரைஞ்சு குடு, ஊரெல்லாம் ஒட்டுவோம். செவலை நிறம், நெத்தியில வெள்ளை. மிச்சத்த இவுககிட்டக் கேட்டுக்கோ. எனக்குப் பேச ஆரம்பிச்சாலே அழுகை வருது. முதல் ஈடு இட்லி அதுக்குத்தான் வைப்பேன். அது தின்ன பொறவுதான் இவுகளுக்கே!"

பீம்ராவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கம்ப்யூட்டரில் துரை கிடையாது. தன் படத்தைப் பார்த்து நாய் கிடைத்துவிட்டால் ஏரியா முழுக்கப் பேச்சாகிவிடும்.

"தொங்குற காதுதானே? செஞ்சிட்லாம் அண்ணாச்சி" என்று முதல் படத்தைக் கடை மூலையில் போட்டுவிட்டுப் புறப்பட்டான்.

தொங்குகிற காதோடு ஒரு நாயும் அகப்படவில்லை. மறுநாள் ரஹீமுன்னிசா வீட்டு வெள்ளாட்டின் முன்னால் போய் உட்கார்ந்தான். ஆட்டின் காது சும்மா தொங்குவதில்லை என்று கண்டான். மெல்லும்போது ஒன்று ஆடியது. ஈ உட்கார்ந்தால் மற்றது மட்டும் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் அவன் லயித்திருந்தபோது ஆடு படத்தின் ஓரத்தையும் ஒரு பென்சிலையும் தின்றுவிட்டது.

"பாயம்மா, என் பென்சிலு!"

"இன்னாத்துக்குக் கத்தற நைனா? நாளைக்கு வா, வெளிய வந்துடும்" என்றாள் ரஹீமுன்னிசா.

புதிய படத்தைப் பார்த்து அண்ணாச்சி தலையாட்டினார். "காது சரி. வாலு ஏன் சுருண்டிருக்கு? எங்க துரைக்கு வாலு புசுபுசுன்னு தரையைக் கூட்டும்லா!"

புசுபுசு வாலுக்கு அணில்தான் தோதுப்பட்டது. பூவரச மரத்தடியில் பொட்டுக்கடலையைத் தூவிக் காத்திருந்தான். அணில் வந்தது. கடலையைப் பார்த்துக் காக்கைகளும் வந்தன. அவற்றில் ஒன்றுக்கு அந்த மரத்தில்தான் கூடு. தலையில் துணிக்கட்டோடு வீடு திரும்பியவனை மகிழினி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாய்யா, காணாம போனது நாய்தானா?"

"தெர்ல" என்றான் பீம்ராவ்.

மூன்றாவது குறை கண். "துரைக்குக் கண்ணு பெருசு தம்பி. கன்னுக்குட்டி மாதிரி."

பால்காரர் தொழுவத்துக்கு ஓடினான். கன்றின் கண்ணுக்குள் கூரையும் வானமும் அவனுடைய தலைக்கட்டும் தெரிந்தன. ஆசையாய் வரைந்து முடித்தபோது கன்று நாக்கை நீட்டி ஒரே இழுப்பு. ஈரம் காயாத நெற்றி வெள்ளை, மூக்கைத் தாண்டி இறங்கிவிட்டது.

பயந்துகொண்டே கொண்டுபோய்க் காட்டினான். அண்ணாச்சி துள்ளி எழுந்தார்.

"அச்சு அசல் துரையேதான்! இப்படியே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிரு!"

பீம்ராவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்று சோறும் இறங்கவில்லை. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வரைந்த கை, கடைசியில் ஒரு நாயைக்கூட வரையத் தெரியாமல் போய்விட்டதோ?

போஸ்டர் ஒட்டிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலில் கூட்டம். ஒருவர் ஆட்டுக்குட்டி கொண்டுவந்திருந்தார். ஒருவர் கூடைக்குள் கீரிப்பிள்ளை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றைத் தேடி வந்த பால்காரர், போஸ்டரைக் காட்டி, "என் கன்னுக்குட்டி படத்தை யார்யா போட்டது?" என்று சண்டை பிடித்தார்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த சீனியம்மாள் அப்போதுதான் போஸ்டரைப் பார்த்தாள்.

"அட பாவி! இது என்ன சென்மம்? நான் நாயைத்தானே வரையச் சொன்னேன்!"

பீம்ராவ் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி பருப்பு மூட்டையைப் பார்த்தார்.

"விடு சீனி. தம்பிக்கு அவ்வளவுதான் வரும்போல. துரை எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

பீம்ராவ் தலையைக் குனிந்து சுவரில் இருந்த போஸ்டரைக் கிழிக்கப் போனான். அதற்குள் கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து ஒரு செவலை நாய் பாய்ந்து வந்தது. சீனியம்மாளின் மேல் ஏறி முகமெல்லாம் நக்கியது.

"துரை! ஏ என் துரை!"

பீம்ராவ் வாயைப் பிளந்து நின்றான். காது நட்டமாக நின்றது. வால் சுருண்டிருந்தது. கண் அளவான கண். நெற்றியில் மட்டும் வெள்ளை. கடையின் மூலையில் கிடந்த முதல் படத்தை ஓடிப்போய் எடுத்து நாயின் பக்கத்தில் பிடித்தான். ஒரு மயிர்கூட மாறவில்லை.

"அண்ணாச்சி! நான் மொதல்ல வரைஞ்சதுதான் கரீட்டு! நீங்க இன்னாத்துக்கு..."

அண்ணாச்சி துண்டைத் தேடினார்.

நாயின் பின்னாலேயே, கையில் கயிற்றோடு மூச்சிரைக்க ஒருவர் வந்தார். மீஞ்சூர் ஸ்டேஷனில் டீ விற்கிற ராசையா. கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்த அண்ணாச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்து, தங்கப்பாண்டி ஸ்டோர்ஸ் என்று அச்சடித்த மஞ்சள் பையை நீட்டினார்.

"ஏன் அண்ணாச்சி, போன ஞாயித்துக்கெயம நாயைத் தூண்ல கட்டி, பிஸ்கட்டு பையையும் பக்கத்துல வெச்சிட்டு, நீங்க பாட்டுக்கு ரயில் ஏறிட்டீங்களே... பாவம், மறந்துட்டீங்கன்னு பை மேல கீற அட்ரஸைப் பாத்து இட்டாந்தேன்!"