பெரியசாமிக்கு இடம் பார்த்த கதை

ஒருவர் பெயர்கூடத் தெரியாமல் திருப்பூர் முழுவதையும் தெரிந்து வைத்திருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் இஞ்சு மாஸ்டர். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். அவருக்கே அது ஞாபகம் இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கட்டிங் மாஸ்டர். நான் வெளியூர் வியாபாரிகளுக்குத் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று எழுதுகிற குமாஸ்தா. குடியிருந்ததும் ஒரே லைன் வீட்டில்தான். சுவருக்கு இந்தப் பக்கம் தனிக்கட்டையாக நான், அந்தப் பக்கம் அவரும் அவர் மனைவி தெய்வானையக்காவும். ஒரே மகளைக் குண்டடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாஸ்டர் கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவார் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாஸ்டருக்கு மனிதர்கள் என்றால் பனியன் சைஸ். தபால்காரர் முப்பத்திரண்டு. முதலாளி நாற்பத்திரண்டு. நான் முப்பத்தி நாலு. "முப்பத்தி நாலு, சாப்ட்டாச்சுங்களா?" என்று தெருமுனையிலிருந்து கேட்பார். நானும் திரும்பிப் பார்த்து, "ஆச்சுங்க மாஸ்டர்" என்பேன். ஒருமுறை எங்கள் கணக்கப்பிள்ளை டைபாய்டில் படுத்து, முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தி நாலுக்கு இறங்கி, ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மாஸ்டர் நேராக அவரிடம் போய், "புதுசாச் சேந்திருக்கீங்களா? எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். கணக்கப்பிள்ளை அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை கோயமுத்தூர் போய்விட்டுக் கையில் ஒரு பனியன் பெட்டியோடு திரும்பி வந்தார். 'முப்பத்தாறு, ஒரு டஜன்' என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. புதுப் பனியன் என்று நினைத்து அக்கா மூடியைத் திறந்தார். அடுத்த நொடி சீமாற்றைக் கையில் எடுத்தார். உள்ளே இரண்டு கினி எலிகள். வாலே கிடையாது. வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, கொழுகொழு என்று உட்கார்ந்து மாஸ்டரைப் பார்த்துக் கொண்டிருந்தன.

"ஏனுங்க, எலியவா காசு குடுத்து வாங்கிட்டு வந்தீங்க?"

"காசு குடுக்கல புள்ள. சும்மா குடுத்தாங்க. இது சீமை எலி."

"எந்தச் சீமையில இருந்து வந்தாலும் எலி எலிதானுங்க."

"பிள்ளையார் வாகனம்னு நெனச்சுக்கோயேன்."

"நம்மூட்டுல கும்புடறது முருகனுங்க. மயிலக் கொண்டாந்திருந்தாலும் ஒரு வார்த்தை யோசிச்சிருப்பேன்."

விஷயம் இதுதான். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் மாஸ்டருக்குத் தெரிந்த முப்பத்தெட்டு ஒருவர் அட்டெண்டராக இருந்தார். அவரைப் பார்க்கப் போன இடத்தில் இந்த இரண்டும் கூண்டில் இருந்திருக்கின்றன. அந்த வாரம் இரண்டுக்கும் ஊசி போட்டு மருந்து சோதிப்பதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். அட்டெண்டர் மேலே கையைக் காட்டியிருக்கிறார். அதோடு, வேண்டுமானால் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், சரிப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இரண்டுமே ஆண், தொந்தரவு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா ஒரு தவணை கொடுத்தார். மூலனூரிலிருந்து அவருடைய அப்பா கண் டாக்டரிடம் காட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வந்தால் பத்து நாள் தங்குவார். அதற்குள் இந்த ஜீவன்களுக்கு வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் இடம் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி கோயமுத்தூருக்குத் திரும்பப் போகும். போனால் ஊசிதான். கையில் ஆறு நாள் இருந்தது.

முதல் நாள் சமையலறையில் வைத்தார்கள். அரிவாள்மனைச் சத்தம் காதில் விழுந்ததும் இரண்டும் சேர்ந்து வீல் வீல் என்று கத்தின. கீரை நறுக்கும்போது மட்டும் என்றால் பரவாயில்லை, தேங்காய் துருவினாலும் கத்தின. இரண்டாம் நாள் சாமி அலமாரிக்குக் கீழே வைத்தார்கள். முருகனுக்குப் போட்டிருந்த செண்டுமல்லி மாலை நீளமாகத் தொங்கியது தப்பு. சாயங்காலம் அக்கா விளக்கேற்றப் போனபோது முருகன் கழுத்தில் நார் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் லைன் வீட்டின் ஆறு குடும்பத்துக்கும் பொதுவான குளியலறையின் மூலையில் வைத்தார்கள். குளிக்கப் போனவர்கள் யாரும் சீக்கிரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமே இல்லாமல் உள்ளே கொஞ்சல் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே துண்டும் வாளியுமாக நின்றவர்கள் மாஸ்டர் பரம்பரையையே இழுத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

கம்பெனியில் வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"வேண்டாமுங்க. அங்க கட்டிங் வேஸ்ட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கும். நம்மாளுக கண்ண மூடிக்கிட்டு மூட்டை கட்டுவாங்க. எந்த மில்லுல போய் எறங்குதோ" என்றார் மாஸ்டர்.

வியாழக்கிழமை லீவு போட்டார். அவர் லீவு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போய்ப் பார்த்தால் வீட்டுத் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு. கம்பெனி மேஜையில் துணியை விரித்து, அட்டை மாதிரிகளை இப்படியும் அப்படியும் நெருக்கி வைத்து, ஒரு விரல் துணிகூட வீணாகாமல் கோடு போடுவாரே, அதே வேலையைத் தன் வீட்டுத் தரையில் செய்துகொண்டிருந்தார். கட்டில், டிரங்குப் பெட்டி, அக்காவின் பாய், எல்லாவற்றுக்கும் அளவெடுத்துக் கோடு போட்டாகிவிட்டது. பாக்கி அவர் படுக்கும் இடம்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க முப்பத்தி நாலு. சித்தெப் படுங்க."

"நான் எதுக்குங்க?"

"நான் படுத்தா என்னையச் சுத்தி நானே எப்படிங்க கோடு போடறது? நீங்க படுங்க, நான் ரெண்டு இஞ்சு சேத்துப் போட்டுக்கறேன். காலை மடக்குங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், அசையாமப் பொட்டாட்டம் இருங்க."

அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "தம்பி, அந்தாளு சொல்றார்னு நீங்களும் படுத்திருக்கீங்களே" என்றார். அது எனக்கும் அப்போதுதான் தோன்றியது. ஆனாலும் கோடு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. அந்த மனிதரிடம் அப்படி ஒரு கோளாறு இருந்தது, அவர் டேப்பை எடுத்தால் யாரும் அசைய மாட்டோம்.

கடைசியில் கிடைத்துவிட்டது. டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருபத்திரண்டுக்குப் பதினாலு இஞ்சு. மாஸ்டர் இடது பக்கமாக ஒருக்களித்து, காலை மடக்கி, ராத்திரி முழுக்கப் புரளாமல் படுத்தால் போதும். அன்றைக்கே ஆசாரியிடம் சொல்லிக் கம்பிவலைக் கூண்டும் செய்தாகிவிட்டது. அவரவருக்கு ஓர் இடம் என்று வீடு அடங்கியது. மாஸ்டர் குனிந்து, "சின்னச்சாமி, பெரியசாமி, ரெண்டு பேரும் உள்ள போங்க" என்றார்.

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன பேரு சொன்னீங்க?"

"இது முப்பத்தி நாலு சைஸுதான், அதனால சின்னச்சாமி. அது சித்தெப் பெருத்து முப்பத்தெட்டாட்டம் இருக்குது, பெரியசாமி."

"அது எங்கப்பன் பேருங்க."

மாஸ்டர் உண்மையாகவே திடுக்கிட்டார். "உங்கப்பா நாப்பதல்ல?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். "கல்யாணப் பத்திரிகையிலயே போட்டிருந்துச்சுங்களே" என்றார் அக்கா.

"பத்திரிகைய எங்க புள்ள படிச்சேன். அட்டை நல்ல கனம்னு மட்டும் பாத்தேன்."

பேரை மாற்றச் சொன்னார் அக்கா. மாஸ்டர் சாயங்காலம் வரை என்னென்னவோ பெயர் சொல்லிப் பார்த்தார். பெரியசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் சைஸைச் சொல்லித்தானுங்க கூப்புடறீங்க. இதுக்கு மட்டும் எதுக்குப் பேரு? முப்பத்தெட்டுன்னு கூப்புட்டுட்டுப் போங்களேன்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அங்க கூண்டு மேல நம்பர் போட்டிருந்தாங்க புள்ள. இன்னைக்கு இந்த நம்பர், நாளைக்கு அந்த நம்பர்னு கூப்புட்டுத்தான் ஊசிக்கு எடுத்துட்டுப் போவாங்களாம். இதுகளுக்கு நம்பர் மட்டும் வேண்டாம்."

அக்கா எழுந்து போய் ஒரு பிடி கீரையை ஆய்ந்து கொண்டுவந்து கூண்டுக்குள் போட்டார். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அப்பா வருகிற தவணை தவணைதான், அதில் மாற்றமில்லை. அவர் காதில் மட்டும் அந்தப் பெயர் விழவே கூடாது என்று புதிதாக ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வீட்டிலிருந்து, "முப்பத்தி நாலு, ஓடியாங்க" என்று சத்தம். போய்ப் பார்த்தேன். கூண்டுக் கதவு சரியாகத் தாழ் விழாமல் திறந்திருந்தது. மாஸ்டர் எழுந்து போன படுக்கையில், போர்வை மடிப்புக்குள், பெரியசாமி. பக்கத்தில் மூன்று குட்டிகள். பிறந்து அரைமணி நேரம்கூட இருக்காது, உடம்பெல்லாம் முடியோடு, கண்ணைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தன.

முதுகைப் பார்த்துச் சைஸ் சொல்கிற மனிதர், இரண்டு சைஸ் கூடுதலாக இருந்ததற்கு என்ன காரணம் என்று யோசிக்கவே இல்லை. பனியன் துணி துவைத்தால் சுருங்கும் என்று ஒரு விரல் சேர்த்து வெட்டுவது அவர் தொழில். சுருக்கத்துக்கு விடத் தெரியும், பெருக்கத்துக்கு விட்டுப் பழக்கமில்லை. தரையில் போட்ட அத்தனை கோடும் வீணாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கனைப்பு. முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்ட மாமனார், தோளில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு நின்றார். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாங்க என்று சொல்ல வேண்டிய வாய், "மாமா, பெரியசாமி குட்டி போட்டுட்டாருங்க" என்று சொல்லிவிட்டது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். பெரியவர் முருங்கைக்கட்டை நிதானமாக இறக்கி வைத்தார்.

"எத்தனைங்க மாப்பிள்ளை?"

"மூணுங்க மாமா."

"தாயும் குட்டியும் சொகந்தானுங்களே?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, போர்வைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாலு கறக்கலாமுங்களா?"

"இல்லீங்க."

"ஊட்டுக்குக் காவல் இருக்குமுங்களா?"

"இல்லீங்க மாமா."

"அப்பறம் எதுக்குங்க மாப்பிள்ளை?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுக்கும் இல்லீங்க. கோயமுத்தூருக்குத் திருப்பி அனுப்பினா ஊசி போட்டுருவாங்க. உசுரோட இருக்கட்டும்னுதானுங்க."

பெரியவர் முருங்கைக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இலைக் கொத்தை உருவி நீட்டினார். பெரியசாமி அவர் விரலிலிருந்தே வாங்கித் தின்றது. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் முகத்தில் இருந்த கேள்வி அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மாடு கன்னு போட்டா, போட்ட எடத்துல இருந்து நாம அதைக் கிளப்ப மாட்டம் கண்ணு. கோயமுத்தூரும் போகாது, அக்கட்டாலயும் நகராது. இங்கயே இருக்கட்டும். அந்தக் கிடாய மட்டும் பிரிச்சு வைங்க, இல்லாட்டி மறுபடியும் போடும்." கொஞ்சம் நிறுத்தி, "பேரு ஆரு வெச்சது?" என்றார்.

"நானுங்க மாமா. உங்க பேருன்னு தெரியாதுங்க."

"தெரியாம வெச்சதுல தப்பில்லீங்க. நல்ல பேருதான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கச் சீமாறும் கையுமாக நின்றவர், அந்த ஜீவன்கள் போகாது என்று ஆனதும் அழுதார். பிறகு வீட்டு ஞாபகம் வந்தது. "அதெல்லாஞ் சரிங்க. கட்டில்ல எங்கப்பா. உங்க படுக்கையில அவுங்க. நீங்க எங்க படுப்பீங்க?"

மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். என்னைப் பார்த்தார். "முப்பத்தி நாலு, உங்க முன்னறை எத்தனை அடிங்க?"

அன்றைக்கே மாஸ்டரும் சின்னச்சாமியும் என் வீட்டுக்குக் குடிவந்தார்கள். பத்து நாள் என்றுதான் பேச்சு. மாமனார் கண்ணைக் காட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். குட்டிகள் பெரிதானதும் திரும்ப வந்து, மூன்றையும் ஒரு கூடையில் வைத்து மூலனூருக்குக் கொண்டுபோனார். பெரியசாமிக்கு மட்டும் அந்தப் படுக்கை பழகிவிட்டது. வேறு எங்கே விட்டாலும் கத்தியது. அக்காவும் விட்டுக் கொடுக்கவில்லை, அப்பா எப்போது வேண்டுமானாலும் வருவார் என்று கட்டிலையும் யாருக்கும் விடவில்லை. அப்பா பெயரை வாயால் சொல்ல முடியாதே, அதனால் கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார். "அவுங்க இன்னும் சாப்புடலீங்க", "அவுங்க தூங்கறாங்க, மெல்லப் பேசுங்க" என்று சொல்வது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். மாஸ்டர் மூன்று வேளையும் அங்கே சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்குப் படுக்க வருவார். மூன்று வருஷம் வந்தார். குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். என் பீரோவை இரண்டு தடவை தன் அளவுக்கு நகர்த்தினார். கட்டில் வாங்க வேண்டும் என்ற என் திட்டத்தை இடம் போதாது என்று கோடு போட்டுக் காட்டித் தடுத்தார். என்னைப் போல அவஸ்தைப்பட்ட குமாஸ்தா இந்த ஜில்லாவில் கிடையாது.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் சின்னச்சாமி போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்துப் பெரியசாமியும் போனது. இரண்டையும் கம்பெனிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் புதைத்தோம். மறுநாள் சாயங்காலம் அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எங்கூட்டுல இப்ப எடம் இருக்குதுங்க. இவரக் கூட்டிட்டுப் போறேனுங்க."

"நல்லதுங்கக்கா" என்றேன். மாஸ்டர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். ஒரு சுவர் தள்ளித்தான் போனார். அப்படியும் அந்த மாதம் முழுக்க, அந்த வீட்டில் ஏதாவது ஒன்று மறுபடியும் குட்டி போட்டுத் தொலைக்காதா என்று இருந்தது எனக்கு.