ஓடாத கடிகாரத்தில் ஒன்பது புள்ளி எட்டு

பூமியின் ஈர்ப்பு விசை சொன்ன பேச்சுக் கேட்டு அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்ளும் இடம் இந்த உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது அந்தக் கல்லூரியின் நான்காம் மாடியிலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம். ஊசலை ஆட்டி, கடிகாரத்தில் நேரம் பார்த்து, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போடும் சோதனையில் மற்ற இடங்களில் விடை கொஞ்சம் முன்னே பின்னே வரும். இங்கே கல்லூரி தொடங்கிய நாள் முதல் எல்லோருக்கும் 9.8தான். வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கும் அதேதான்.

இந்தச் சாதனைக்குத் துணை நின்ற கடிகாரம் ஓடாது என்பதை ஒரு குறையாகச் சொல்லக் கூடாது.

வகுப்பில் ‘டவுட்டு’ என்று பெயரெடுத்த பெண்ணுக்கு இந்த விவரம் கடைசி ஆண்டில்தான் தெரிந்தது. அதுவரை கருவிகளை ஆசிரியரே தொட்டுக் காட்டுவார். பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும் என்பது ‘துறையின் கொள்கை’. செய்முறைத் தேர்வின் ஒத்திகையில் கடிகாரம் முதன்முறையாக அவள் கைக்கு வந்தது. விஞ்ஞானியாக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பிடிவாதமாக இருந்தவள். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவளுக்கு இடமும் கொடுத்திருந்தது. இந்தத் தேர்வில் தேறினால் போதும்.

“சார், கடிகாரம் ஓடல.”

“ஓடி என்னம்மா ஆகப்போகுது? விடைதான் நமக்குத் தெரியுமே” என்றார் ஆய்வுக்கூட ஆசிரியர். பிறகு ‘பின்னோக்கு முறை’யைப் பொறுமையாக விளக்கினார். முதலில் 9.8 என்று எழுத வேண்டும். அங்கிருந்து மெல்லப் பின்னால் நடந்து வந்தால் ஊசல் எவ்வளவு நேரம் ஆடியிருக்கும் என்பது தானாகக் கிடைத்துவிடும். “ஊசலை ஆட்டவே வேணாம் பாரு. எவ்வளவு சுத்தமான வேலை.”

தேர்வன்று காலையில் அவள் சமையலறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றினாள். துணி தைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

“அத ஏன்டி நோண்டுற?”

“பேட்டரி வேணும்மா. காலேஜ் கடிகாரத்துக்கு.”

“வீட்டுக் கடிகாரத்த நிறுத்திட்டுக் காலேஜ் கடிகாரத்த ஓட்டப் போறியா? உருப்பட்ட மாதிரிதான்.”

ஆய்வுக்கூடத்தில் கடிகாரம் டிக் டிக் என்றதும் பக்கத்து மேசைப் பையன் பேனாவைக் கீழே போட்டுவிட்டான். அவன் அப்போது தன் 9.8ஐ அழகாக அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தான். அவள் ஊசலை ஆட்டினாள், எண்ணினாள், கணக்குப் போட்டாள். 9.6 வந்தது. திரும்பச் செய்தாள். மறுபடியும் 9.6. நூல் கொஞ்சம் நீண்டிருக்கலாம், கை கொஞ்சம் முந்தியிருக்கலாம். வந்ததை வந்தபடி எழுதினாள்.

“கடிகாரத்த ஓட விட்டா இப்படித்தான் ஆகும்” என்று ஆசிரியர் தலையில் கை வைத்தார்.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. முதல்வர், ஆசிரியர், இவர்களோடு கல்லூரியே பெற்றெடுத்த விஞ்ஞானி. இதே கூடத்தில் 9.8 வாங்கித் தேறியவர். சுவரில் அவர் படம் தொங்குகிறது. நாட்டிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்துச் சான்று தரும் அலுவலகத்துக்கு இப்போது அவர்தான் தலைவர். கல்லூரி லிஃப்டுக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்தில் அவர் கையெழுத்து உண்டு. அப்படிப்பட்டவர் முழங்கால் வலியோடு நான்கு மாடியும் படியேறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார்.

“என்ன எளிமை” என்று உருகினார் முதல்வர்.

விஞ்ஞானி கடிகாரத்தைக் கையில் எடுத்துத் தடவினார். கண் கலங்கிவிட்டது. “என்னை ஆளாக்கினதே இதுதான்.”

“உங்க காலத்துல ஓடுச்சா சார்?” என்றாள் டவுட்டு.

“அப்பவும் ஓடாது. ஆனா ஒரு நாளும் தப்பா காட்டினதில்ல.”

குழு ஆழ்ந்து ஆலோசித்து, பிழைக்கு முழுக் காரணம் பேட்டரியே என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தது. அந்தக் கூடத்தில் நடந்த முதல் கண்டுபிடிப்பு அது. பேட்டரியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

முதல்வர் நல்லவர். விடைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “பேனாவ எடும்மா. அந்த ஆறை எட்டாக்கிடு. ஒரு சுழிதானே? உன் எதிர்காலத்துக்குத்தான் சொல்றேன்.”

அவள் பேனாவை எடுத்தாள். அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசலையே கனவில் பலமுறை பார்த்தவள். ஒரே ஒரு சுழி. பேனா தாளைத் தொடப்போகும் நேரத்தில் பழக்கதோஷம் அவளை விடவில்லை.

“சார், லிஃப்ட சோதிக்கிறதும் இதே முறையிலதானா?”

விஞ்ஞானி எழுந்துகொண்டார். “நேரமாச்சு, வேற வேலை இருக்கு.”

வெளியே லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. “இதுலயே இறங்கிடலாம் சார், முட்டி வலிக்குதே” என்றார் முதல்வர்.

விஞ்ஞானி உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டத்துக்குள் இருந்த தன் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“வேணாம்ப்பா. படியிலயே போயிடுறேன்.”

கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று நின்று அவர் இறங்கும் சத்தம் ஆய்வுக்கூடம்வரை கேட்டது. முதல்வரும் ஆசிரியரும் மரியாதையாக அவர் பின்னாலேயே படியில் இறங்கினார்கள். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

அந்த ஆண்டு அவள் தேறவில்லை. லிஃப்ட் நல்ல மதிப்பெண்ணில் தேறியிருந்ததால், பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் ஏறி இறங்குகிறார்கள்.