புள்ளிக்கோட்டுக்காரர்

தவறே செய்யாத மனிதரை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே என்று அவசரப்படாதீர்கள். அவர் தவறு செய்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதிக்கிறவராக இருப்பார், வெறும் கத்துக்குட்டி. நான் சொல்லும் இனத்துக்குச் சாதிக்க வேண்டிய அவசியமே கிடையாது. எது நடந்தாலும் அதைத் தாம் முன்பு சொன்னதற்குள் மடித்துத் திணித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இவர்கள். எல்லாத் துறைகளிலும் மேய்கிறார்கள் என்றாலும், நன்றாகக் கொழுத்த உருப்படியைப் பார்க்க வேண்டுமானால் ஓர் உயிரியல் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் மாடியில், ஜன்னலோரமாக, இரண்டு கணினித் திரைகளுக்கும் ஒரு வெள்ளைப் பலகைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார். முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது, நிரந்தர வேலை இன்னும் வாய்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே தொங்கும் அந்தத் திரிசங்கு சொர்க்கத்தை போஸ்ட்டாக் என்பார்கள். நம்மவர் அதில் ஐந்தாவது வருஷமாகத் தொங்குகிறார்.

அவருடைய வேலை என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன். அவரைக் கேட்டால் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும். நம் உடம்பின் செல்களுக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. ஒன்று இன்னொன்றை எழுப்பிவிடும். அது மூன்றாவதை அடக்கிவைக்கும். மூன்றாவது சுற்றிக்கொண்டு வந்து முதலாவதன் வாயை மூடும். ஏறக்குறைய ஒரு கூட்டுக் குடும்பம். யார் யாரை எழுப்புகிறார், யார் யாரை அடக்குகிறார் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் இவர் தொழில். அந்தச் சமன்பாட்டு மூட்டைக்கு மாடல் என்று பெயர்; அதைச் சுமந்து திரிவதால் இவர் மாடல்காரர். பலகையில் பதினான்கு வட்டங்கள், அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக அம்புகள். எழுப்புவதற்குக் கூர்முனை அம்பு, அடக்குவதற்கு மொட்டைத் தலைக் கோடு. நல்ல வேலைதான். ஒழுங்காகச் செய்கிறவர்கள் செய்தால் ஒரு நோயாளிக்கு என்றாவது உதவும். அந்தத் தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை.

நான் குறை சொல்ல வந்தது புள்ளிக்கோட்டை.

மாடல் ஒன்று சொல்லும், சோதனை வேறொன்று சொல்லும். நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? எங்கேயோ இடிக்கிறதே என்று மாடலைத் திரும்பப் பார்ப்போம், அல்லது கொடுத்த எண்களைத் திரும்பப் பார்ப்போம். நம்மவர் எழுந்து பலகைக்குப் போவார், பச்சைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுவார், ஓரமாகப் பதினைந்தாவது வட்டம் ஒன்று வரைந்து உள்ளே கேள்விக்குறி போடுவார், எந்த மரபணு சொன்ன பேச்சைக் கேட்காமல் நிற்கிறதோ அதை நோக்கி அங்கிருந்து ஒரு புள்ளிக்கோடு இழுப்பார், இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று தலையைச் சாய்த்து ரசிப்பார். இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒரு மரபணு இங்கே ஒளிந்திருக்க வேண்டும் என்பார். அவ்வளவுதான், கணக்கு நேராகிவிடும். "இது நான் எதிர்பார்த்ததுதான்" என்று சொல்லிப் பேனாவை மூடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவியின் தம்பி கார் ஓட்டும் தேர்வில் தேறவே மாட்டான் என்று ஒரு வாரம் முழுக்க வரைபடம் போடாத குறையாக விளக்கினார். பையன் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். தேர்வு வைத்த அதிகாரி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருப்பார், அந்த ஒரு காரணியைத் தாம் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்த்தால் தேறியது எதிர்பார்த்ததுதான் என்றார். மனைவி உடற்பயிற்சி சிகிச்சை நிபுணர்; நாள் முழுக்க மற்றவர்களுடைய முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு வருகிறவர். கணவரை மடக்குவதை அவர் கைவிட்டுப் பல வருஷமாகிறது. துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

கூடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் ஆய்வுமாணவி இருந்தாள். கிண்ணங்களில் செல்களை வளர்த்து, பாதிக்கு மருந்து கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல் விட்டு, எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று அளப்பது அவள் வேலை. அளக்கிற கை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மருந்து, மருந்தில்லை என்று குப்பிமேல் எழுத மாட்டார்கள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. எது எது என்பதைத் தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கி முடிவுசெய்து, எண்கள் போகும் கோப்பின் இரண்டாவது பக்கத்தில் குறித்துவிடுவார்கள். கருவி கொடுக்கும் எண்கள் நேராக மேல்மாடிக்குப் போய்விடும். எண்களுக்கு அர்த்தம் சொல்வது மேல்மாடியின் ராஜ்யம்.

மாடல்காரர் முதல் பக்கத்தைப் படித்தார். சிவப்பு என்றால் மருந்தாகத்தானே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாவது பக்கத்தைத் திறந்து பார்ப்பது அவர் புத்திக்கு அவமானம். அப்படிப் படித்தபோது, மருந்து கொடுத்தால் தூங்க வேண்டிய ஏழாவது மரபணு துள்ளி எழுந்து உட்கார்ந்திருந்தது. மாடலோ அது தூங்கும் என்று சத்தியம் செய்தது. பாவம், அவருடைய மாடல் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை உண்மை சொல்லியிருக்கிறது. அன்றைக்குப் பார்த்து அவர் அதைத் திருத்தினார். பச்சைப் பேனா, பதினைந்தாவது வட்டம், புள்ளிக்கோடு. இந்தத் தடவை வட்டத்துக்குள் கேள்விக்குறிகூட இல்லை, தம் பெயரின் முதலெழுத்தையே போட்டுக்கொண்டார். ஒரு மாநாட்டில் போய்ப் பேசிக் கைத்தட்டலும் வாங்கி வந்தார்.

மரபணு இருக்க வேண்டுமென்றால் யாராவது அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே? மாணவியைக் கூப்பிட்டு, இவற்றில் ஒன்றுதான் அந்த வேலையை ஒளிந்து செய்கிறது என்று முப்பத்திரண்டு பெயர்கள் உள்ள பட்டியலைக் கொடுத்தார். வாரம் ஒன்றை அடக்கிப் பார்க்க வேண்டியது, எண்களை மேலே அனுப்ப வேண்டியது. அவள் அனுப்பினாள். இது இல்லை, அடுத்தது என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் செல்களுக்குப் பசிக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அக்காவின் கல்யாணத்துக்குப் போனவள் கல்யாணச் சாப்பாட்டுக்கு நிற்காமல் திரும்பினாள். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அவளுக்குக் கொடுத்திருந்த காலத்தில் மிச்சம் இருந்தது இரண்டு மாதம்.

ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தபோதுதான், படம் போடுவதற்காக அந்த எண்களை முதன்முதலாகத் தானே எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டாவது பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள். அந்த வாரக் கூட்டத்தில் பேராசிரியை, மாடல்காரர், இன்னும் நாலைந்து பேர் இருக்க, எழுந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சார், நீல மூடிதான் மருந்து. ரெண்டாவது பக்கத்துல இருக்கு. ஏழாவது மரபணு தூங்கத்தான் செய்யுது."

மாடல்காரர் கோப்பைத் திறந்தார். அந்த இரண்டாவது பக்கத்தை ஒரு மனிதக் கண் மேல்மாடியில் பார்த்தது அதுவே முதல் முறை. இரண்டே வரிகள். படித்தார். 'தப்புப் பண்ணிவிட்டோமே' என்ற சொற்கள் தொண்டைவரைக்கும் வந்ததென்னவோ உண்மை. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளிவிட்டார். சாப்பிட்டு வந்து சொல்வதாகச் சொல்லி எழுந்து போனார்.

சாப்பிட்டும் வந்தார். பதினைந்தாவது வட்டத்தை அழித்துவிட்டு, மூடிகளை மாற்றிப் போட்டு, மாடலை மறுபடி ஓட்டிப் படமும் கொண்டுவந்திருந்தார். காலையில் எதிர்த்திசையில் பொருந்தியது, பிற்பகலில் இந்தத் திசையிலும் பொருந்தியது. புள்ளிக்கோடே தேவையில்லை, மாடல் ஆதியிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, இது தாம் எதிர்பார்த்ததுதான் என்றார். அவர் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். பெருமை இருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்குப் பேராசிரியை அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். எட்டு மாதத்தைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை.

மறுநாள் மாணவி மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். கால நீட்டிப்பு தரும் குழுவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தாமதம் அவளால் வந்ததல்ல என்று தெரிந்தால் எட்டு மாதத்தையும் திருப்பித் தருவார்களாம். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நீங்க ரெண்டாவது பக்கத்தைப் பாக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும் சார். வேற எதுவும் வேண்டாம்."

"அட, எட்டு மாசம் வீணாப் போச்சுன்னு ஏம்மா நெனைக்கிறே? முப்பத்திரண்டு மரபணு இல்லைன்னு நிரூபிச்சிருக்கியே."

"இல்லாத ஒண்ணைத் தேடினேன் சார்."

எழுதித் தருகிறேன் என்றார். மனசாரத்தான் சொன்னார், நான் அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன், அது அவருக்கு ரொம்பப் பெரிய பட்டம். ஆனால் அடுத்த மாதம் அவருக்கு ஒரு நிரந்தர வேலைக்கான நேர்முகம் இருந்தது. 'நான்' என்று ஆரம்பித்தார். அந்தச் சொல் திரையில் தனியாக, மொட்டையாக நின்றது. அழித்தார். ஒரு வரிக்குப் பதில் மூன்று பக்கம் எழுதினார். கீழ்த்தளம், மேல்மாடி, கோப்பின் அமைப்பு, மூடியின் நிறம் என்று நாலு வட்டம் போட்டு அம்புகள் வரைந்தார். தவறு எந்த வட்டத்தில் என்று பார்த்தால் எதிலும் இல்லை. ஓரத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதற்குள் 'தகவல் பரிமாற்ற இடைவெளி' என்று எழுதி, எல்லாவற்றையும் நோக்கிப் புள்ளிக்கோடு இழுத்திருந்தார். இரண்டு தடவை படித்துப் பார்த்தார். யாரையும் புண்படுத்தாத, நடுநிலையான கடிதம் என்று அவருக்கே தம்மேல் மரியாதை வந்தது. மாணவிக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு அனுப்பினார்.

குழு படித்தது. இடைவெளி என்றால் இரண்டு பக்கமும் பொறுப்புத்தானே என்று நீட்டிப்பை மறுத்துவிட்டது. மாணவி தன் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, மேசை இழுப்பறையைக் காலிசெய்து, பட்டமில்லாமல் ஊருக்குப் போனாள். மூன்றாம் மாடிக்கு வந்து சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை என்று மாடல்காரருக்கு வருத்தம்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் நம்மவர் பெருமூச்சு விட்டு, அந்தக் குழுவின் போக்கு தெரியும், அந்தக் கடிதத்தைப் படித்தால் மறுக்கத்தான் செய்வார்கள், எதிர்பார்த்ததுதான் என்றார்.

"எதிர்பார்த்தீங்களா? அப்ப ஏன் அப்படி எழுதினீங்க?"

அவர் கை சட்டைப் பையில் பச்சைப் பேனாவைத் தடவியது. வீட்டில் பலகை இல்லை. மனைவி அவருடைய துணியை மட்டும் மடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். நேர்முகத்தில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவர் அறைக்கதவில் அவர் பெயர் இருக்கிறது, கீழ்த்தளத்தில் அவருக்கென்று மூன்று மாணவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் உங்கள் மேலதிகாரி முகமோ, சம்பந்தி முகமோ, அடுத்த மேசைக்காரர் முகமோ ஞாபகம் வந்து நன்றாகச் சிரித்திருப்பீர்கள். வயிறு குளிரச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். உங்கள் ஒரு வரிக்காக எங்கேயோ ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். தம்பியோ, தோழியோ, உங்கள் கீழ் வேலைபார்த்தவரோ, யாரென்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒரு தாளை எடுத்து, 'தவறு என்னுடையது' என்று எழுதி அவருக்கு அனுப்புங்கள். விளக்கம் வேண்டாம், 'ஆனால்' வேண்டாம். எழுத வரவில்லையென்றால், தயவுசெய்து, குற்றம் பேனாவின் மையில் இருக்குமோ என்று மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்.