மாட்டுங்காவில் ஒரு பாத்ரூம் பரீட்சை

நான் ஒரு சந்தேகப் பிராணி. ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ரெக்சினைத் தோல் என்று சொல்லி என் தலையில் கட்டப் பார்த்தவர்கள் ஏராளம். அதனால் எதையும் நகத்தால் கீறி, மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். (பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தானா என்று கேட்காதீர்கள். என் மனைவி இதை மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கக்கூடும்.)

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் இருப்பது ரயில் பாதைதான். நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே ஒரு பழைய, சின்ன ஃப்ளாட் வாங்கும் யோக்கியதை வருவதற்கு எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. அதுவரை நானும் மனைவி ஆயிஷாவும் மகள் சபீனாவும் பட்டறைக்கு மேலே இருந்த அறையில், பசை வாடையோடு குடித்தனம் நடத்தினோம். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஆயிஷா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரோக்கர் தங்கராஜ் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "பாய், ஏரியா ஏ-ஒன். ஸ்கூலு, ஸ்டேஷன், மார்க்கெட் எல்லாம் காலடியில கெடக்கு. இருவத்துநாலு மணி நேரமும் தண்ணி. என்னை நம்பி வாங்கும்," என்றான்.

'நம்பி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு அரிக்கும்.

வீடு நான்காம் மாடியில். ஆயிஷா நேராக அடுக்களைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஒரு மரம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்தாள். நான் சுவரை நகத்தால் கீறிக்கொண்டே, "மரம் இவ்வளவு கிட்ட இருந்தா வேரு செவத்துக்குள்ள போயிருமே," என்றேன்.

"நீங்க கொஞ்சம் வாய மூடிட்டு இருந்தா ஒரு வேரும் வராது," என்றாள், திரும்பாமலே.

அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. மாலை நேரங்களில் எதிர்க் கடையில் காப்பி குடித்துக்கொண்டு கட்டடத்தை வேவு பார்த்தேன். தெரு ஏன் இத்தனை அமைதி? பூக்காரர் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்? வாட்ச்மேன் எதற்கு சலாம் வைக்கிறான்? எங்கள் தெருவில் நாள் முழுக்கச் சண்டை நடக்கும். யார் எப்படி என்று தெரிந்துவிடும். சண்டையே இல்லாத தெருவை எப்படி நம்புவது?

இதற்குப் பின்னால் வேறொரு பயமும் இருந்தது. பம்பாயில் நீங்கள் வீடு பார்த்தால் போதாது; கட்டடத்தில் குடியிருப்பவர்களின் சொசைட்டிக் கமிட்டி உங்களைப் பார்க்க வேண்டும். முன்பு வேறொரு இடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு என் பெயரைக் கேட்டார்கள். "சாகுல் ஹமீது" என்றேன். வீடு விற்றுப்போய்விட்டது என்றார்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் அந்த வாசலில் 'விற்பனைக்கு' போர்டு தொங்கியது. அது எனக்கு மிகவும் வலித்தது. அதனால் இந்த முறை ஒரு முடிவோடு இருந்தேன். இவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் இவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு வலுவாக ஒரு குறை கிடைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செக்ரட்டரி லலிதா மாமி வீட்டில் கமிட்டி. எங்களுக்கு வரவேண்டிய ஃப்ளாட்டுக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில். ஆயிஷாவையும் சபீனாவையும் பிறகு வரச் சொல்லிவிட்டு, தங்கராஜிடம் சாவி வாங்கிக்கொண்டு நான் முன்னாலேயே போனேன். கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட் ஒன்று நின்றது. அதை நம்புவேனா? படியேறினேன்.

பாத்ரூம் ஒழுகுமா என்று கண்டுபிடிக்க மொபைலில் ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தேன். தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, தரையில் தண்ணீரைத் தேக்க வேண்டும். என் பச்சைக் கைக்குட்டையைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். குழாய்களையெல்லாம் முழுசாகத் திருகினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இருபத்துநாலு மணி நேரத் தண்ணீராம்! அகப்பட்டுக்கொண்டார்கள்! வீட்டைப் பூட்டிக்கொண்டு துள்ளி இறங்கினேன்.

குழாய்களை மூடினேனா? இல்லை. தண்ணீர் வராத குழாயைத் தாராவியில் யாரும் மூடுவதில்லை. அது திறந்தேதான் கிடக்கும். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கும், குடத்தோடு ஓடலாம். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம்.

மாமி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வாங்கோ, உக்காருங்கோ," என்று பாத்ரூமை ஒட்டியிருந்த கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பக்கத்தில் சேர்மன் குல்கர்ணி, வழுக்கைத் தலையோடு பாதித் தூக்கத்தில் இருந்தார். அதற்குள் வந்துசேர்ந்த ஆயிஷா, சபீனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"பட்டறை மெஷினெல்லாம் இங்க வருமோ?" என்று மாமி ஆரம்பித்தார்.

"வராது."

"பாத்ரூமை இடிச்சுக் கட்டற உத்தேசம் உண்டோ?"

இந்தக் கேள்வி எதற்கு? எனக்குச் சந்தேகம். அடுத்ததாகச் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள், கேட்டதும் தண்ணீர் விஷயத்தை எடுத்து வீசலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போதுதான் என் காப்பி டம்ளரில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது குல்கர்ணியின் தலையில். பிறகு எண்ண முடியவில்லை.

நான் துள்ளி எழுந்தேன். "பாத்தீங்களா! இதுதான் உங்க மாட்டுங்காவா? இதுக்கா இவ்ளோ ரேட்டு? மேல இருக்கவன் எவன்? கொழாய மூடத் தெரியாத பயலையெல்லாம் சொசைட்டில சேத்து வச்சிருக்கீங்களே!"

மாமி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "மேல நீங்க வாங்கற ஃப்ளாட்தான். சாவி யார்கிட்ட இருக்கு?"

சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஆயிஷா என் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். சபீனாவை இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

"தண்ணியே வரலையே மாமி!"

"டாங்க் க்ளீன் பண்ணிண்டிருந்தா. இப்பதான் திறந்துவிட்டா. லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

ஆயிஷா முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்தாள். பச்சைக் கைக்குட்டையை மேஜைமேல் வைத்தாள். "இது இவருதுதான். கொழாயும் இவருதான் தொறந்துருப்பாரு. இவரை மன்னிங்கன்னு நான் கேக்க மாட்டேன் மாமி. அந்த வீட்ட மட்டும் தந்துருங்க. எனக்கு அந்த ஜன்னல் வேணும்."

அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மாமியோ கூரையில் பரவிய ஈரத்தைப் பார்த்து மலர்ந்துபோய் நின்றார். "எத்தனை வருஷமா சொல்லிண்டிருக்கேன், மேல் பாத்ரூம்தான் ஒழுகறதுன்னு! அந்த ஓனர் 'உங்க பைப்தான்'னு சாதிச்சான். கமிட்டியும் என்னை நம்பலை." குல்கர்ணி பக்கம் திரும்பி மராத்தியில், "ஆத்தா தரி பட்லா கா?" என்றார். இப்போதாவது நம்புகிறீர்களா என்று அர்த்தம். குல்கர்ணி தலையைத் துடைத்துக்கொண்டே, நம்புவதாகத் தலையாட்டினார்.

"பழைய ஓனர் பாத்ரூமைப் பேத்துப் புதுசா போட்டுக் கொடுக்கட்டும். நான் அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்," என்றார் மாமி.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "சாப்பாடு விஷயம் ஒண்ணும் கேக்கலையே மாமி?"

"உங்காத்து அடுப்புல என்ன வேகறதுன்னு எனக்கு எதுக்கு? உங்க பாத்ரூம்லேர்ந்து என்ன ஒழுகறதுங்கறதுதான் என் கவலை."

அந்தக் கட்டடத்தில் இருப்பது இரண்டே சாதி, மேல் மாடிக்காரன், கீழ் மாடிக்காரன் என்று அன்றுதான் புரிந்தது. மற்ற கட்டடங்களைப் பற்றி என் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

மாட்டுங்கா குடியிருக்க நல்ல இடமா என்று பட்டறையில் கேட்கிறார்கள். நல்ல இடம்தான். ஆயிஷா காலையில் ஜன்னலருகே நின்று டீ குடிக்கிறாள். மரத்தின் வேர் இதுவரை வரவில்லை. (வாராவாரம் கீறிப் பார்க்கிறேன்.) ஒரே குறை, அந்த வீட்டுச் சாவி ஆயிஷாவிடம் ஒன்று, சபீனாவிடம் ஒன்று, அவசரத்துக்கு லலிதா மாமியிடம் ஒன்று. என்னிடம் கிடையாது. பட்டறையிலிருந்து வந்து பெல் அடித்தால் உடனே கதவு திறக்காது. முதலில் உள்ளேயிருந்து சபீனா கேட்பாள்:

"வாப்பா, கைக்குட்டைய மொதல்ல காட்டுங்க!"