சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பவர்

இந்த உயிரினத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்ளும். தன் தட்டைத் தொடாது. நீங்கள் முதல் கவளம் எடுக்கும்போது அதன் கண்கள் உங்கள் கையோடு மேலே ஏறும். நீங்கள் மெல்லும்போது அதன் தாடையும் கூடவே அசையும். நீங்கள் விழுங்கியதும் அதுவும் ஒரு மிடறு விழுங்கிக்கொள்ளும். அதற்குப் பசி இல்லை. அதற்கு வேண்டியது உங்கள் முகம். முகம்பார்ப்பவர் என்று இந்த வகைக்குப் பெயர் வைக்கலாம்.

எல்லா ஊரிலும் இது உண்டு. ஆனால் எங்கள் வாலரூவில் இருப்பது கொஞ்சம் முற்றிய ரகம். மற்ற ஊர்களில் "எப்படி இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள், நீங்களும் "பிரமாதம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்தக் கடலோரத்தில் அப்படிக் கேட்கிறவன் பாராட்டுக்கு அலைகிறவன் என்று பேர் வாங்கிவிடுவான். அந்தப் பேர் அவன் பிள்ளைகள் காலத்திலும் போகாது. ஆகவே யாரும் கேட்பதில்லை, பார்ப்பதோடு சரி. பாராட்டும் இங்கே சிக்கனம்தான். மிக உயர்ந்த பாராட்டு "மோசமில்ல". டேரன் பெங்கெல்லி தன் கல்யாணத்தன்று, பெண் எப்படி என்று கேட்ட நண்பர்களிடம் அதைத்தான் சொன்னார். அவர் மனைவி கெர்ரி அதை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்வார்.

கோதுமை லாரி ஓட்டும் இந்த டேரன்தான் நம் ரகத்தின் முழு வளர்ச்சி அடைந்த மாதிரி. பிப்ரவரியில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்படி, அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து டெலனி என்ற பதினாறு வயதுப் பெண் ஒரு வருஷம் தங்கிப் படிக்க அவர் வீட்டுக்கு வந்து இறங்கினாள். இறங்கியதும் "தேங்க்யூ சார்" என்றாள்.

"சாரா? எங்கப்பனையே இந்த ஊர்ல யாரும் சார்னு கூப்பிட்டதில்ல. டேரன்னு கூப்பிடும்மா" என்றார் டேரன்.

"செம! சரி டேரன்!" என்றாள் டெலனி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

டேரனுக்கு அந்த வினாடியே அவளைப் பிடித்துப்போயிற்று. சங்கடமும் அந்த வினாடியே ஆரம்பித்துவிட்டது.

சங்கடம் என்னவென்று சொல்வதற்குமுன் போன வருஷத்துக் கதையைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் இதே வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பையன் வந்தான். முதல் பள்ளிப் பருவம் முடிந்ததும், பரிமாற்றத் திட்டத்தின் உள்ளூர் பொறுப்பாளரான பெவ் என்கிற அம்மாள் வழக்கம்போல வந்து, "இங்கேயே இருக்கிறாயா, வேறு குடும்பம் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். பையன் யோசிக்காமல் அடிலெய்ட் நகரத்துக் குடும்பம் ஒன்றுக்குப் போய்விட்டான். ரயில் வசதிக்காகப் போனான் என்று டேரன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் நம்பவில்லை. மதுக்கடையில் சக லாரிக்காரர் கெவின் இப்போதும் விடுவதில்லை.

"என்ன மாப்ள, புதுசா ஒரு பொண்ணு வந்துருக்காமே? எத்தன மாசம் கேரண்டி?"

இந்த முறையும் ஏப்ரலில் பெவ் வரப்போகிறார். இந்தப் பெண்ணும் பெட்டியைக் கட்டிவிட்டால்? ஊர் சிரிக்கும், அது கிடக்கட்டும். டேரனுக்கு உண்மையாகவே மனசு தாங்காது. ஆகவே அவளுக்கு இங்கே பிடித்திருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்கவா முடியும்? முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தார். முதல் நாள் காலையில் வெஜிமைட் சோதனை. கறுப்பாய், மையைப் போலிருக்கும் அந்த உப்புப் பசையை டோஸ்டில் பட்டும் படாமலும்தான் தடவ வேண்டும். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் மட்டும் சாக்லேட் தடவுவதுபோல் தாராளமாகத் தடவிக் கொடுப்பது இந்த நாட்டின் ஆசாரம். டேரன் கொடுத்துவிட்டு, நேராகப் பார்க்காமல், நாகரிகமாகக் கெட்டிலின் பளபளப்பில் அவள் முகத்தைப் பார்த்தார். கெர்ரி மைக்ரோவேவின் கண்ணாடியில் பார்த்தார். மகள் டெஸ்ஸுக்கு ஒளிவுமறைவு தெரியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நேராகவே பார்த்தாள். டெலனி கடித்தாள், மென்றாள், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ஐயோ, செமையா இருக்கு!"

ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைகூட முதல் தடவை அதைத் துப்பும்.

அன்றிலிருந்து இதே கதை. வடிந்த கடலில் முழங்கால் ஆழத்தில் நின்று நண்டு வாரக் கூட்டிப்போனார். பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் தொட்டி பின்னால் மிதந்துவர, இரும்பு வாரியால் மணலைக் கிளற வேண்டும். தொட்டியிலிருந்து எம்பிய நீலநண்டு ஒன்று அவள் சட்டையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. செம. துறைப்பாலத்தின் உச்சியிலிருந்து டெஸ்ஸும் தோழிகளும் அவளைக் கடலில் தள்ளிவிட்டார்கள். செம. வெயிலில் அழுகிய கடற்பாசியின் நாற்றம், வாய்க்குள் நுழைந்த ஈ, பள்ளிக்கூடத்தில் வெயில் தொப்பி போடாததற்கு வாங்கிய திட்டு, கடைவாய்ப் பல்லில் பல்வைத்தியர் போட்ட ஊசி எல்லாமே செம. எதை வைத்தாலும் ஒரே எடை காட்டுகிற தராசை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன வியாபாரம் பண்ணுவார்?

"எல்லாமே பிடிச்சிருக்குங்கறவளுக்கு எதுவுமே பிடிக்கலன்னுதான அர்த்தம்?" என்றார் டேரன், அவள் இல்லாத நேரத்தில்.

"இல்ல, அவ நல்லா வளந்த பொண்ணுன்னு அர்த்தம்" என்றார் கெர்ரி. "நீ அந்தப் புள்ளைய பாக்கறத முதல்ல நிறுத்து. பாஸ்டா தின்னா பாக்கற, பால் குடிச்சா பாக்கற. அந்த ஜெர்மன் பையன் கடைசி வாரம் பூரா குளியலறைல போய் பிஸ்கட் தின்னான், தெரியுமா உனக்கு?"

"அவனுக்கு ரயில் வேணும்னு ஆசை."

"அப்பா" என்றாள் டெஸ், "நீ பாக்கறப்ப எனக்கே தொண்டைல எறங்காது. நான் பதினஞ்சு வருஷமா பழகிட்டேன். அவ பாவம்ப்பா."

டேரன் திருந்தினாரா? மறுநாளிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலை உணவுக்கு வந்தார்.

ஏப்ரல் வந்தது, கால்பந்துப் பருவமும் வந்தது. ஓவல் வடிவப் பந்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஆடும் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பது நகரத்து வழக்கம். கிராமப்புறத்தில் வண்டியோடு போய், மைதானத்தைச் சுற்றி வேலியை முட்டிக்கொண்டு நிறுத்தி, உள்ளே இருந்தபடியே தெர்மாஸ் தேநீர் குடித்துக்கொண்டு பார்ப்போம். நம் அணி கோல் போட்டால் கை தட்டுவதில்லை. ஹாரனை அடிப்போம். நம் பக்கத்து வண்டிகள் மொத்தமும் அலறும். எதிரணி கோல் போட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் அவர்கள் வண்டிகள் அலறும். நாம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். பெங்கெல்லி குடும்பம் டேரனின் அப்பா காலத்திலிருந்து ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. அந்த வண்டியின் ஹாரனைத் தொடும் உரிமை டெஸ்ஸுக்கே பத்து வயதில்தான் கிடைத்தது.

அன்றைக்கு டேரன் அதை டெலனியிடம் கொடுத்தார். ஓட்டுநர் இருக்கையில் அவளை உட்காரவைத்துவிட்டு, "கோல் விழுந்தா அடி" என்றார். மேற்கொண்டு விளக்குவது அவர் பழக்கம் இல்லை. பெவ் அம்மாள் வேலியோரத்தில் சிப்ஸ் தின்றபடி காத்திருந்தார். இடைவேளையில் பெண்ணிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

எதிரணியில் ஒரு ஒல்லிப் பையன், எல்லைக்கோட்டை ஒட்டி, உடம்பை வளைத்து ஓர் உதை விட்டான். பந்து வெளியே போவதுபோல் போய், மனசு மாறியதுபோல் உள்ளே திரும்பி, கம்பங்களுக்கு நட்டநடுவில் விழுந்தது. டெலனி ஹாரனை அடித்தாள். ஒஹாயோவில் அவளுக்கு நல்ல காரியத்தைப் பாராட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுருக்கமாகவும் அடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வண்டி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தலை வெளியே வந்தது. கோல் கம்பத்தடியில் நின்ற அம்பயர் திரும்பிப் பார்த்தார். எங்கள் அணியின் தலைவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

பக்கத்து வண்டியிலிருந்து கெவின் கேட்டார்: "என்ன டேரன், உன் வண்டி கட்சி மாறிடுச்சா?"

டெலனியின் சிரிப்பு அணைந்தது. காது சிவந்தது, உதடு நடுங்கியது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க டேரன், எனக்குத் தெரியல, நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்றாள். இரண்டு மாதமாக டேரன் தவம் கிடந்தது இந்த ஒன்றுக்காகத்தான்: ஒரு நிஜமான முகம். பக்கத்து இருக்கையில், ஒரு முழம் தூரத்தில், பட்டப்பகலில் அது இருந்தது.

அவரால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு கையை நீட்டி, எதிரணியின் அதே கோலுக்காக, தானும் ஒரு முறை ஹாரனை அடித்தார்.

"ரெண்டு தடவையா?" என்றார் கெவின், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"நல்ல உதைடா. மோசமில்ல" என்றார் டேரன். பெங்கெல்லி வம்சத்தின் மானம் அத்தோடு முடிந்தது. பின்னிருக்கையில் டெஸ் ஜாக்கெட்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அதற்குள் இருந்து முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, கெர்ரியும் சேர்ந்துகொண்டார், கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டெலனியும் சிரித்தாள்.

இடைவேளையில் பெவ் அவளை வேலியோரமாகத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். டேரன் வண்டியின் சக்கரங்களைக் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது. மறுபடி முதல் சக்கரத்துக்கு வரும்போது பெவ் வந்துவிட்டார்.

"இங்கயே இருக்கேங்கறா டேரன்."

"ம்" என்றார் டேரன். முதல் சக்கரத்தை இன்னொரு தடவை உதைத்தார்.

"ஒரே ஒரு வேண்டுகோளாம். சாப்பிடறப்ப அவ மூஞ்சிய யாரும் பாக்கக் கூடாதாம். கெட்டில்ல கூடப் பாக்கக் கூடாதாம்."

மறுநாள் மதியம் கொல்லைப்புறத்தில் பார்பிக்யூ. டேரன் சாசேஜ்களைச் சுட்டு எல்லோர் தட்டிலும் வைத்துவிட்டு, பெவ்வுக்குக் கொடுத்த வாக்கின்படி, நாற்காலியைத் திருப்பி வேலியைப் பார்த்து உட்கார்ந்தார். வேலியை முழு கவனத்தோடு பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கடிக்கும் சத்தம், மெல்லும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"டேரன்" என்றாள் டெலனி.

"என்னம்மா?"

"இது கருகிப்போச்சு. தின்னவே முடியல. வந்த நாள்லேர்ந்தே நீங்க சுடறது எல்லாம் இப்படித்தான் இருக்கு."

கெர்ரியின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. டேரனின் நாற்பத்தெட்டு வயது வாழ்க்கையில் இதைவிட இனிப்பான செய்தி அவர் காதில் விழுந்ததில்லை. இனி இந்தப் பெண் எங்கேயும் போகமாட்டாள். சொந்த வீட்டில்தானே சாப்பாட்டைத் திட்டுவார்கள்? "அப்படியா" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினால், டெலனி தன் தட்டைத் தொடாமல், தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, அவருடைய முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டுகிற குணம் இது. டேரனை நினைத்து நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் நேற்று ஒரு காணொளியைக் காட்டுகிறேன் என்று நண்பரின் கையில் போனைத் திணித்தீர்களே, அது ஓடி முடியும்வரை நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?